இல்லாத பாவுக்குக் குனிந்தவர்

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது என் இடது முட்டி பேச ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் ஒரு சத்தம். படியேறினால் ஒரு சத்தம், இறங்கினால் இரண்டு. வீட்டில் நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்பது என் மனைவிக்குப் பார்க்காமலே தெரிந்துபோயிற்று.

"இனிமே நீ சமையக்கட்டுல பூந்து வெல்லம் எடுத்துத் தின்ன முடியாதுய்யா. நடக்கறப்பவே மாட்டிக்குவ" என்றாள்.

நான் தபால்காரன். காஞ்சிபுரத்தில் எட்டு நெசவாளர் தெருக்கள் என்னுடைய பீட்டு. சைக்கிள் அங்கே உதவாது. காலை வேளையில் பாதித் தெருக்களில் பாவு விரித்திருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு நூலை வெளியே கொண்டுவந்து இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். ஒரு வாசலில் தொடங்கும் பட்டு இழைகள் பத்து வீடு தாண்டிப் போய்த்தான் முடியும். கவைக்கம்புகளின் மேல் இடுப்புயரத்தில் கிடக்கும் அந்தப் பாவின் குறுக்கே யாரும் போகக்கூடாது. மாடானாலும் மாப்பிள்ளையானாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தபால்காரனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, அடியில் குனிந்து மறுபக்கம் போய்விடலாம். பையின் கொக்கி ஓர் இழையில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தத் தெருவில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது.

ஆகவே மற்றவர்களுக்கு முட்டி என்பது காலில் ஓர் இடம், எனக்கு அது உத்தியோகம். ஆனாலும் நான் பயந்தது முட்டிக்காக இல்லை. தலைக்காக.

காரணம், எனக்கு முன்னால் அந்த எட்டுத் தெருக்களிலும் இருபது வருஷத்துக்கு மேல் தபால் கொடுத்தவர். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். விலாசத்தைப் பார்க்கமாட்டார், வீட்டையும் பார்க்கமாட்டார், நடந்தபடியே கடிதத்தை விடுவார். அது யாருடைய மடியில் விழ வேண்டுமோ அந்த மடியில் விழும். அப்படிப்பட்டவருக்கு முதலில் வலது முட்டி வீங்கியது. பிறகு இடது. பிறகு விரல் கணுக்கள். ஆபீசில் இரக்கப்பட்டு மேஜை வேலை கொடுத்தார்கள், தெருவுக்கு நான் வந்தேன். உட்கார்ந்தபடியே முத்திரை குத்தி முடித்து ஓய்வு பெற்றார். வீட்டிலும் போய் உட்கார்ந்தார். சில வருஷம் போனது. கிழமை மறந்தது. அப்புறம் சாப்பிட்டது மறந்தது. அப்புறம் சொந்த மகளைப் பார்த்து, செத்துப்போன தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

முட்டி முதலில், தலை அப்புறம். இதுதான் வரிசை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவரும் இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார், ஒருநாள் தன் வீட்டுக்கே வழி கேட்டார் என்று பேச்சு வந்தது. பயந்தவனுக்கு இரண்டு உதாரணம் போதும். மூன்றாவதாகத் தன்னைச் சேர்த்துக்கொள்வான்.

நான் எனக்கே பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். காலையில் பல் துலக்கும்போது முதல் தெருவின் வீடுகளை வலமிருந்து இடமாகச் சொல்வேன். குளிக்கும்போது இரண்டாம் தெரு, இடமிருந்து வலம். சாப்பிடும்போது மூன்றாம் தெருவில் யார் வீட்டில் எத்தனை தறி. என் மனைவி குளியலறைக் கதவை இடித்தாள்.

"உள்ள யார்கிட்ட பேசிக்கினு இருக்க?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா இன்னாத்துக்கு மூக்குத்தி வச்ச கெழவி வீடு, மூக்குத்தி வச்ச கெழவி வீடுன்னு ரெண்டு வாட்டி சொல்ற?"

அன்று மாலை கடைக்குப் போய்க் கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்தேன். கூடையைக் கீழே வைத்து, நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஆரம்பிச்சுடுச்சி" என்றேன். என்ன ஆரம்பித்தது என்று கேட்டாள். சொன்னேன். முட்டியில் தொடங்கி அண்ணாவின் மகள்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "கல்யாணம் ஆன மறுநாளே கொத்தமல்லி மறந்துட்டு வந்த. அப்போ உனக்கு முட்டி நல்லாத்தான இருந்துது?" என்றாள்.

உலகத்தில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இதைவிடக் கச்சிதமான ஒரு மறுப்பு இருக்க முடியாது. ஆனால் பயத்துக்குக் காது கிடையாது. மறுநாள் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் முட்டியைப் பிடித்து மடக்கினார். அது தன் பங்குக்குப் பேசியது. "தேய்மானம். கொஞ்சம் வீக்கமும் இருக்குது" என்றார்.

"அது மேல ஏறுமா சார்?"

"எங்க மேல?"

"தலைக்கு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "முட்டி வலி இருக்கிறவங்களுக்கெல்லாம் மறதி வர்றதில்ல. அப்படி வந்துதுன்னா இந்த ஊர்ல பாதிப்பேருக்குத் தன் பேரே தெரியாது. எல்லாரும் தறிக்குழியில காலைத் தொங்கவிட்டு மிதிக்கிறவங்கதானே. ஆனா…"

அந்த 'ஆனா'வில் பயந்து நாற்காலியின் நுனிக்கு வந்தேன். முட்டி அதற்கும் ஒரு சத்தம் போட்டது.

"ஆனா ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கிறதை நானும் நிறையப் பாத்துட்டேன். வலி இருந்தா தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா மனசு மந்தமாகும். நடக்க முடியாதவன் வெளிய வரமாட்டான். வெளிய வராதவன்கிட்ட யாரு பேசப்போறாங்க? இதெல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. ஒரு மூட்டுல இருக்கிற வீக்கம் உடம்புல வேற எங்க என்ன பண்ணுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன்."

"அப்ப நான் நடக்கணுமா, உக்காரணுமா?"

"ரொம்ப நடந்தா முட்டி போயிடும். ஒரேயடியா உக்காந்தா…" என்று நிறுத்திவிட்டு, "அளவா நடங்க" என்றார்.

தபால்காரனிடம் அளவாக நடக்கச் சொன்ன முதல் மனிதர் அவர். எட்டுத் தெருவில் எந்த நாலு தெருவை விடுவது? வீட்டுக்கு வந்து மேஜை வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். எழுதி முடித்ததும் மேஜையில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்த அண்ணாவின் முகம் ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். நடந்தால் கால் போகும், உட்கார்ந்தால் தலை போகும். இரண்டில் எதைக் கொடுப்பது என்று முடிவாகாமல் தினமும் அந்தக் காகிதத்தைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நொண்டினேன்.

அந்த வாரத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

உறை மழையில் நனைந்திருந்தது. பெறுபவரின் பேர் தெரிந்தது, ஒரு பெண்ணின் பேர். தெருவின் பேர் கரைந்து ஊதாக் கறையாகியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி மட்டும் பிழைத்திருந்தன: 'கல்தொட்டிக்கு எதிரில், மூன்று தறி வீடு. காஞ்சிபுரம்.' பின்பக்கம் அனுப்பியவர் ஓர் ஆண், தெற்கே ஏதோ ஓர் ஊர். தறி என்று இருந்ததால் ஆபீசில் அதை என் கட்டில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்று தறி வீடுகள் என் பீட்டில் தெருவுக்கு ஆறேழு உண்டு. கல்தொட்டி? மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி எந்தத் தெருவில் இருக்கிறது? கண்ணை மூடி எட்டுத் தெருக்களையும் மனதில் நடந்து பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை. அந்தப் பேருள்ள பெண்ணையும் தெரியவில்லை.

எனக்குத் தெரியாத விலாசம் என் பீட்டில் இருக்க முடியாது. ஆகவே தெரிந்திருந்தது. ஆகவே மறந்துவிட்டது. கொத்தமல்லிக்கு அடுத்தது கல்தொட்டி.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது, தெருமுனையில் நின்று யாரையாவது கேட்பது. அதைத்தான் செய்யவில்லை. எங்கள் ஊரில் தபால்காரன் வழி கேட்டால் அது செய்தி. நான் மூன்றாம் தெருவில் கேட்டால், எட்டாம் தெருவுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் 'தபாலுக்கு மூளை குழம்பிடுச்சாம்' என்பது போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் யாரிடமும் காட்டாமல் உறையைப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் திருடனைப் போலத் தறிகளை எண்ணினேன். ஏழாம் தெரு முனையில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய பலகையின் ஓரத்தில்தான் தினமும் என் காலை நீட்டி இரண்டு நிமிஷம் இளைப்பாறுவேன். "முட்டி இன்னா சொல்லுது தபாலு?" என்று கேட்பார். அன்றும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே திரும்பி நின்று உறையை எடுத்து ஒளித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் வைத்துப் பார்த்து ஆள் கிடைக்காவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆறாம் நாள் வந்துவிட்டது. கடிதம் திரும்பினால் யாருக்கோ செய்தி போய்ச் சேராது என்பது உறைத்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் பயமெல்லாம் எனக்காகத்தான். உறையின் மேல் 'விலாசதாரர் தெரியவில்லை' என்று நான் என் கையால் எழுதினால், அது எனக்கே நான் எழுதிக்கொடுக்கும் சான்றிதழ்.

கடைசியில் யோசித்தேன். வழி கேட்டாலும் வெளியே சொல்லமாட்டாத ஒரே ஒருவர் ஊரில் இருக்கிறார். சொல்வதற்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. மகா புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பீட்டுக்குப் போகும் வழியில் அண்ணாவின் வீட்டுக்குப் போனேன்.

முதல் தெருவின் முனையில்தான் வீடு. ஜன்னலோரத்தில் ஒரு மரநாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். முட்டிகளில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. பார்வை சுவரில் இருந்தது. அவர் மகள் எனக்குக் காபி கொண்டுவந்தாள்.

"ஒரு வருஷமா வாசப்படி தாண்டலை சார். எழுந்தா வலிக்குதுன்னு அழுவறாரு. நாங்களும் எழுப்பறதில்ல."

"அண்ணா, நான் தபால் ஆபீஸ்லருந்து வந்திருக்கேன்."

"சாப்ட்டியாபா?" என்றார்.

"சாப்ட்டேண்ணா. கல்தொட்டிக்கு எதிர்ல மூணு தறி வீடு எதுண்ணா?"

"சாப்ட்டியாபா?"

பேரைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தார். மறுபடி விலாசத்தைச் சொன்னேன். மூன்றாம் தடவையும் நான் சாப்பிட்டேனா என்றுதான் கவலைப்பட்டார். இன்னும் சில வருஷத்தில் நான் உட்காரப்போகும் நாற்காலி அதுதான் என்று தோன்றியது. காபியைப் பாதியிலேயே வைத்தேன். எழுந்து, தோல்பையை மாட்டிக்கொள்ளும் முன் அவர் மடியோரத்தில் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தேன்.

திரும்பினால் பையின் வார் அவர் கையில் இருந்தது.

வளைந்துபோன அந்த விரல்கள் வாரைத் தடவிக்கொண்டே போய் உலோகக் கொக்கியில் நின்றன. அதை உள்பக்கம் பார்க்கத் திருப்பின. பாவில் மாட்டாமலிருக்க நாங்கள் எல்லோரும் செய்வது அது. பிறகு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினார். எழுந்தார். இரண்டு முட்டிகளும் சேர்ந்து போட்ட சத்தத்தில் என் முட்டி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நேரமாச்சி" என்றார்.

"அப்பா!" என்று மகள் ஓடிவந்தாள். "சார், புடிங்க சார், வுழுந்துடப்போறாரு!"

பிடித்தேன். அதாவது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வாசல்படியில் ஒரு முனகல். தெருவில் இறங்கியதும் முதல் பத்தடி கொக்கு நடை. வலியில் முகம் கோணியது. திருப்பிக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடலாம் என்று நான் நினைத்த அந்த நேரத்தில், முதல் வீட்டு வாசலில் நின்றார்.

"இங்க நாய் இருக்குது. சத்தம் குடுத்துட்டுப் போ" என்றார்.

அந்த வீட்டில் நாய் இல்லை. நான் வந்த வருஷத்தில் ஒரு கிழட்டு நாய் இருந்தது.

இரண்டாவது வீடு. "இவங்களுக்குக் கார்டு வந்தா படிச்சுக் காட்டணும்." நான்காவது வீடு. "இந்தாளு தறியில இருந்தா எழமாட்டான், கதவுல செருவு." ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், நிற்கும்போது சொல்வார், சொன்னதும் கால் அடுத்த வாசலுக்குக் கிளம்பும். நாற்காலியில் மூன்று தடவை கேட்டும் ஒரு சொல்லும் வராத மனிதர் அவர். காலை ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவைக்க வைக்க, யாரோ பாதத்துக்கு அடியிலிருந்து அவருக்கு எடுத்துக்கொடுப்பதுபோல் வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எதுவோ கலைந்துவிடும் என்று தோன்றியது.

மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளும் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

முதல் தெருவின் கடைசியில் ஏழாம் தெரு குறுக்கே வருகிறது. தார் போட்டு லாரிகள் வரத் தொடங்கிய பிறகு அங்கே பாவு விரிப்பதை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வேலைக்கு வந்தபோதே அது வெறும் ரோடுதான். காலை வெயில் தாரில் பளபளத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

நடுரோட்டுக்கு வந்தவர் நின்றார். இடப்பக்கமும் வலப்பக்கமும் தலையைத் திருப்பி நீளமாக எதையோ பார்த்தார். என் கையை உதறினார். பையை முன்னால் இழுத்து மார்போடு அணைத்தார். பிறகு குனிந்தார்.

ஒரு வருஷமாக நாற்காலியை விட்டு எழாத முட்டிகள் அவை. அந்த முட்டிகளை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, தலையை இன்னும் தாழ்த்தி, இல்லாத பாவுக்கு அடியில் மூன்றடி எடுத்துவைத்தார். ஓர் இழையிலும் படவில்லை. படவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் தலைக்கு ஒரு சாண் மேலே அந்தப் பாவு எந்த உயரத்தில் கட்டியிருக்கிறது, எந்த அகலத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் முதுகு போன விதத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. மறுபக்கம் போய் நிமிர்ந்தார். பையைத் திரும்ப இடுப்புக்குத் தள்ளினார்.

என் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. கோயில் கதவு திறந்து முதல் தீபம் காட்டும்போது சில பேருக்கு அப்படி ஆகும் என்பார்கள். கோயிலில் எனக்கு ஒருநாளும் ஆனதில்லை. அன்று தார் ரோட்டில் ஆயிற்று. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர்கூட ஒன்றும் புரியாமல் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் நிமிர்கிறவரை காத்திருந்தார்.

நிமிர்ந்தவர் நேராக ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். அதன் வாசலில் நின்றார். டயர்களைப் பார்த்தார், தொங்கும் சங்கிலிகளைப் பார்த்தார். முகம் மெல்ல அணைந்தது. கால் அடுத்த இடத்துக்குக் கிளம்பவில்லை. ஐயோ, அவர் மனதில் நின்றிருந்த வீட்டையும் இப்போது இடித்துவிட்டேனே என்று தோன்றியது. தோளைப் பிடித்து, "வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

அப்போதுதான் முனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தபால்காரண்ணா!"

என் பூக்காரம்மா. மடியிலிருந்த பூவெல்லாம் கீழே கொட்ட எழுந்து நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் என்னை அவர் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. தபாலு, அவ்வளவுதான் நான்.

அண்ணா அந்தக் குரலுக்குத் திரும்பினார். முகத்தில் மறுபடி வெளிச்சம் ஏறியது. பையைத் திறக்காமல், வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்ததுபோல் நீட்டினார். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை.

"இந்தாம்மா. ரங்கூன்லருந்து தம்பி எழுதிக்கிறான்" என்றார்.

பூக்காரம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. என்னிடம் திரும்பி, "பாவம், இன்னும் நெனப்பு வச்சிக்கினு இருக்காரு. தம்பி கடுதாசி நின்னுபோயி பன்னெண்டு பதிமூணு வருஷமாச்சிபா. பர்மாவுல சண்டை, கடையெல்லாம் போச்சின்னாங்க. அப்புறம் இருக்கானா இல்லையான்னே தெரியல" என்றார்.

பையின் உள்ளறையிலிருந்து உறையை எடுத்தேன். அந்தப் பேரைப் படித்தேன்.

"எம் பேருதான்" என்றார் அவர். "அந்தப் பேர்ல யாரு என்னைக் கூப்புடறாங்க இப்போ?"

"கல்தொட்டி…"

"இதோ, இந்த சைக்கிள் கடை இருக்குதே, இதுதான் எங்க மூணு தறி வீடு. எதிர்ல தொட்டி இருந்துது. ரோடு போடறப்ப எடுத்துட்டாங்க. நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடிபா."

நான் வருவதற்கு முன்னால்.

ஆறு நாள் நான் மறந்துபோனதாக நினைத்து நடுங்கிய அந்தத் தொட்டியை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை. தெரிந்திராத ஒன்றை மறந்துவிட்டேன் என்று ராத்தூக்கம் கெட்ட ஒரே தபால்காரன் நானாகத்தான் இருப்பேன். அதைவிடக் கேவலம், யாரை எட்டுத் தெருவிலும் தேடினேனோ அவருடைய பலகையிலேயே காலை நீட்டிக்கொண்டு, அவர் முன்னாலேயே அவருடைய கடிதத்தை ஒளித்திருக்கிறேன். வெட்கப்படாமல் ஒரு தடவை பேரைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

பின்பக்கத்துப் பேரைப் பார்த்துவிட்டு அவர் உறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிரிக்கச் சொன்னார், பிரித்தேன், படித்தேன். கப்பலில் வந்து சேர்ந்துவிட்டானாம். கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகளாம். தீபாவளிக்கு வரட்டுமா, அக்கா இருக்கிறாயா என்று கேட்டிருந்தான். முடிக்கும்போது அண்ணா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ யாருபா?" என்றார். "சாப்ட்டியா?"

அவரை மாட்டுவண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முட்டிகள் நாலு நாள் வீங்கிக் கிடந்தன. மகள் என்னைத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "நேத்து சாயங்காலம் என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டாரு சார். ஒரே ஒரு வாட்டி. என் பேரை" என்றாள்.

டாக்டரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவைத்தார். அந்தக் குனிந்த இடத்தை மட்டும் மூன்று தடவை. கடைசியில், "இதுக்கு எனக்கு விளக்கம் தெரியாது. நடக்கவச்சா குணமாகிடும்னு மட்டும் அர்த்தம் பண்ணிக்காதீங்க. ஆனா நடக்க முடிஞ்ச அளவுக்கு நடத்துங்க" என்றார். இந்தத் தடவை அவருடைய 'ஆனா' என்னைப் பயமுறுத்தவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், தபால் இல்லாத நாளில், காலிப் பையுடன் அண்ணாவின் வீட்டுக்குப் போவேன். இரண்டு நொண்டிகளும் கிளம்புவோம். சில நாள் நாலு வீடு, சில நாள் ஒரு தெரு. அவர் குணமாகவில்லை. மகளின் பேர் மறுபடி போய்விட்டது. ஆனால் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தத் தார் ரோட்டுக்கு வந்துசேர்கிற நாளிலெல்லாம் பையை அணைத்துக்கொண்டு குனிவார். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே உயரம், அதே மூன்றடி. எத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது பழகவில்லை.

விண்ணப்பத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வாபஸ் வாங்க வேண்டும் என்று ஒருநாள் ஆபீசில் போய் நின்றேன். அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். பையைக் கவிழ்த்தால் அடியில் கிடந்தது. கொடுக்காமலே சுமந்ததை மறந்து, கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். இந்த ஒரு மறதியை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

அண்ணா போன ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. முட்டியில் சத்தம் கூடியிருக்கிறது. அது தலைக்கு ஏறுமா ஏறாதா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். காலையில் பல் துலக்கும்போது இப்போதும் முதல் தெருவைச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் நாற்காலிக்குப் போகிற அன்றைக்குக்கூட, யாராவது ஒரு பையை என் தோளில் மாட்டி வாசலில் இறக்கிவிட்டால் என் கால் எனக்கு எதையாவது எடுத்துக்கொடுக்கும் என்று ஒரு நப்பாசை இருக்கிறது.

அதற்காக இப்போதே கொஞ்சம் சேர்த்துவைக்கிறேன். தார் ரோட்டின் நடுவில் அந்த இடம் வந்ததும் கொக்கியை உள்பக்கம் திருப்பி, பையை அணைத்து, குனிகிறேன். முதல் நாள் சைக்கிள் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா தபாலு, இன்னாத்துக்குக் குனிஞ்சிக்கினு போற? அங்க ஒண்ணும் இல்லையே?"

"பாவு கட்டியிருக்குது" என்றேன்.

அவர் பூக்காரம்மாவைப் பார்த்துத் தலையைத் தட்டிக் காட்டினார். பூக்காரம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டித்தான் இருக்குது. நீ சைக்கிளை அந்தாண்ட தள்ளிக்கினு போ" என்றார்.